தாழ்ப்பாள் எங்கே தேவை? செயற்பாட்டாளர்களின் இணையப் பாதுகாப்பு

பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினித் தரவை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனத்தின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளியானது. 2016 ஜூனில், அறிமுகமான செயற்பாட்டாளர் ஒருவரின் கணக்கிலிருந்து வந்த மின்னஞ்சல் வழியே, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் 'நெட்வயர்' தீநிரல் உள்நுழைந்தது. அவருக்கு எதிரான கடிதங்கள் அவர் அறியாமலேயே கணினியில் வைக்கப்பட்டன என்று அது முடிவுரைத்தது.

எனவே, ஒரு கருவி எந்த வழியை அடைக்கிறது என்பதையே நாம் முதலில் கேட்க வேண்டும். சிக்னல் செயலி, செய்தியை இடைவழியில் எவரும் படிக்காமல் காக்கும். கணினிக்குள்ளேயே ஒருவர் புகுந்துவிட்டால் காக்காது. விபிஎன் சேவையும் அவ்வாறே.

முதன்மையான தற்காப்புகளுக்குச் செலவில்லை. மென்பொருள்களை உடனுக்குடன் புதுப்பிப்போம். மின்னஞ்சலுக்கு இரட்டைச் சரிபார்ப்பை அமைப்போம். தோழரே அனுப்பியதாயினும், எதிர்பாராத இணைப்பைத் தொலைபேசியில் உறுதிசெய்த பின்னரே திறப்போம். வன்கொடுமை வழக்குகளின் சாட்சிகளுடைய பெயர்களையும் வாக்குமூலங்களையும் அன்றாடக் கைபேசியில் வைக்காது, குறியாக்கம் செய்த தனி வட்டில் வைப்போம். அவை கசிந்தால் மிரட்டல் அவர்கள் வீட்டு வாசலுக்கே வரும்.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவின்படி, சோதனையும் பறிமுதலும் ஒலி-ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். அப்போதே கருவியிலுள்ள தரவின் 'ஹாஷ்' மதிப்பையும் பதியுமாறு எழுத்தில் கோருவோம். தரவின் விரல்ரேகை போன்ற அம்மதிப்பு, பின்னர் ஒரு கோப்பு சேர்க்கப்பட்டாலும் மாறிவிடும். நீதிமன்றத்தில் அதுவே நமக்குச் சாட்சி.