மலைக்குச் செல்வோர் கவனத்திற்கு

மேற்கே மலை கறுப்பதைக் கண்டால் வன்னியம்பட்டி விவசாயிக்கு மனம் குளிரும். ஓடையில் தண்ணீர் வரும், கண்மாய் பெருகும், கிணறு ஊறும். ஆனால் அந்த நேரத்தில் மலை ஓடைக்குள் நிற்பவருக்கு அதே மழை எமனாகிவிடக்கூடும்.

இம்மலைக்காடு 1988-ஆம் ஆண்டில் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-இல் மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கப்பட்டது. சதுரகிரி, செண்பகத்தோப்பு காட்டழகர் கோயில், இராஜபாளையம் அய்யனார் கோயில் ஆகிய இடங்களுக்கு அறுவடை முடிந்ததும், ஆடி அமாவாசைக்கும் விவசாயக் குடும்பங்கள் செல்வது வழக்கம். செல்வோர் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

ஓடையில் எச்சரிக்கை

2015 மே மாதம் சதுரகிரி மலைப்பாதையில் திடீர் வெள்ளம் பாய்ந்து பக்தர்கள் பலர் உயிரிழந்தனர். மலைச்சரிவு செங்குத்தானது. உச்சியில் பெய்யும் மழை சிறிது நேரத்தில் ஓடையை நிரப்பிவிடும். கீழே வெயில் அடித்தாலும் மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தெளிந்த நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், மேற்புறம் இரைச்சல் கேட்டல் ஆகியவை வெள்ளத்தின் அறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் சாமான்களை விட்டுவிட்டு உடனே மேட்டில் ஏற வேண்டும். முழங்கால் அளவு நீரே வேகமாக ஓடினால் ஆளைச் சாய்த்துவிடும். எனவே நீர் வடியும் வரை கரையிலேயே காத்திருக்க வேண்டும். ஓடை மணலில் சமைப்பதும் படுப்பதும் கூடாது.

தீயும் விலங்கும்

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் இருபது பேருக்கு மேல் மாண்டனர். கோடையில் காய்ந்த போதைப் புல் ஒரு பீடித் துண்டிலேயே பற்றிக்கொள்ளும். ஆகையால் தீப்பெட்டி, பீடி, பிளாஸ்டிக் பைகளை எடுத்துச் செல்லலாகாது.

யானையைக் கண்டால் கூச்சலிடாமல், கல் எறியாமல், வந்த வழியே ஓசையின்றித் திரும்பிவிட வேண்டும். நாயை உடன் அழைத்துச் செல்லக் கூடாது. விரட்டப்பட்ட நாய் எசமானனிடமே ஓடி வரும். பின்னால் யானையும் வரும். குரங்குக்குத் தின்பண்டம் கொடுத்துப் பழக்கினால் அது பிறகு தோப்புக்கும் வரத் தொடங்கும்.

பாம்பு கடித்தால்

கடிவாயைக் கீறுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கு விளைவிக்கும். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் வைத்துத் தூக்கிச் சென்று, 108 வண்டியில் அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். விஷமுறிவு ஊசி அங்கு இலவசம்.

புறப்படுமுன்

அனுமதி நாட்களையும் நேரத்தையும் வனத்துறைச் சோதனைச் சாவடியில் கேட்டறிய வேண்டும். இவை மழையையும் தீ அபாயத்தையும் பொறுத்து மாறும். காலையிலேயே கூட்டமாகப் புறப்பட்டு, பாதையை விட்டு விலகாமல் சென்று, பொழுது சாயுமுன் அடிவாரம் திரும்பிவிட வேண்டும். வழுக்கும் ரப்பர் செருப்பு மலைக்கு ஆகாது.

மடை திறக்க முறை வரும்வரை காத்திருப்பவர் விவசாயி. மலை ஓடை விரைவில் பெருகுவது போலவே விரைவில் வடியவும் செய்யும். அந்தச் சில மணி நேரக் காத்திருப்பு ஒரு குடும்பத்தைக் காக்கும்.