எழுத்தறிவும் வாசிப்பும்: புதுக்கோட்டை தரும் படிப்பினை

புதுக்கோட்டை நகரிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், அன்னவாசல் ஒன்றியத்தில் அமைந்துள்ள சிற்றூர் குடுமியான்மலை. அங்குள்ள குடைவரைக் கோயிலை அடுத்த பாறைப் பரப்பில், பல்லவ கிரந்த எழுத்தில் பொறிக்கப்பெற்ற இசைக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அது, 38 வரிகளில் ஏழு பகுதிகளாக அமைந்தது. சுரங்களை நான்கு நான்காகக் கோத்துத் தருவது. உருத்திராசாரியாரின் மாணாக்கரான மன்னர் ஒருவர், மாணாக்கர்களின் நன்மையைக் கருதி இதனை இயற்றியதாக அதிலேயே குறிப்புள்ளது. அம்மன்னர் மகேந்திரவர்ம பல்லவரே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பின்வந்த ஆய்வாளர்கள் சிலர் இதனை ஏற்கவில்லை.

மாணாக்கர்களுக்காகவே வெட்டப்பட்ட அந்த எழுத்துக்கள் இன்றும் அழியாமல் நிற்கின்றன. கல்வெட்டறிஞர்கள் அவற்றைப் படித்து, 'எபிகிராபியா இண்டிகா' தொகுதியிலும் பதிப்பித்துவிட்டனர். ஆயினும், ஒவ்வொரு சுரமும் வெவ்வேறு உயிரொலிகளோடு எழுதப்பட்டிருப்பதன் கருத்து என்ன, அதனை எவ்வாறு இசைத்தனர் என்பதில் அறிஞரிடையே இன்றளவும் ஒருமித்த முடிவு இல்லை. கற்பித்த ஆசிரியர், கற்ற மாணாக்கர் என்னும் தொடர் அறுந்துபோனது. எழுத்து எஞ்சியது, வாசிப்பு எஞ்சவில்லை.

எழுத்தை அறிவது ஒன்று, வாசிப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதால் நேர்ந்த இழப்பு பெரிது. இவ்வுண்மையை அதே புதுக்கோட்டை மண்ணின் அண்மைக்கால வரலாறும், நம் சமுதாயத்தின் பழைய வரலாறும் ஒருசேர உணர்த்துகின்றன. நம் மாணவர்களை வாசிப்பவர்களாக ஆக்க விழைவோர் இவ்விரண்டையும் அறிதல் நலம்.

அறிவொளி ஏற்றிய விளக்கு

1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. 1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம், நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அவ்வழியைப் பின்பற்றி 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் தலைமையேற்று ஊக்கமளித்தார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் ஊதியம் பெறாத தொண்டர்கள் பல்லாயிரவரும் தோள் கொடுத்தனர். வயல் வேலையும் கல்லுடைப்பும் முடித்து வந்த மக்கள், இரவு வேளைகளில் விளக்கொளியில் அமர்ந்து எழுத்துக் கூட்டினர்.

இவ்வியக்கத்தின் சிறப்புகளுள் ஒன்று, அரிச்சுவடி வரிசையைப் பற்றி நில்லாமல், கற்போரின் வாழ்விலிருந்து எடுத்த சொற்களைக் கொண்டு எழுத்தைப் புகட்டியதாகும். மற்றொன்று மிதிவண்டி. பெண்கள் பிறர் துணையின்றி வகுப்புக்கும் வேலைக்கும் சென்றுவர வேண்டும் என்று கருதி, மிதிவண்டி ஓட்டப் பழகுவதையும் இயக்கம் தன் பணியாகவே ஏற்றது. வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழிசெய்யப்பட்டது. ஏறத்தாழ 70,000 பெண்கள் பொது நிகழ்ச்சிகளில் மிதிவண்டி ஓட்டிக் காட்டியதாக இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். குழந்தையை முன்னால் அமர்த்திக்கொள்ள வசதியாகக் குறுக்குக் கம்பியுள்ள ஆண்கள் வண்டியையே விரும்பிய பெண்களைப் பற்றியும் அவர் எழுதியுள்ளார். அவர் சந்தித்தவர்களுள் முஸ்லிம் பெண்களும் இருந்தனர் என்பது நாம் மகிழ்ந்து நினைக்கத்தக்கது.

1992இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அம்மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 77 விழுக்காடு. பெண்களிடையே 69 விழுக்காடு மட்டுமே. இயக்கம் குறிப்பிட்ட வயதினரை மட்டுமே இலக்காகக் கொண்டது. கணக்கெடுப்போ ஏழு வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் எண்ணுவது. இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொண்ட பின்னரும் ஒரு வினா எஞ்சுகிறது: அன்று கற்றவை எங்கே போயின?

கற்ற எழுத்து நழுவுவது ஏன்?

எழுத்தறிவு இயக்கம் தனக்கென ஓர் அளவுகோல் வகுத்திருந்தது. நிமிடத்திற்கு 30 சொற்கள் உரக்க வாசித்தல், 7 சொற்கள் பார்த்து எழுதுதல், 5 சொற்கள் சொல்லக் கேட்டு எழுதுதல் ஆகியன அதில் அடங்கும். இவ்வளவு திறன் பெற்றவர் கற்றவரே எனினும், அவர் நிற்குமிடம் வழுக்கலான படிக்கட்டு. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிச் சொல்லாக்கி, சொற்களைச் சேர்த்து வாக்கியத்தின் இறுதிக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் நினைவிலிருந்து நழுவிவிடும். எழுத்தைக் கூட்டுவதிலேயே கருத்து முழுவதும் செலவாகிவிட, பொருளை உணர மனத்தில் இடமிருப்பதில்லை. பொருள் புரியாத வாசிப்பில் இன்பமில்லை. இன்பமில்லாததை எவரும் நாடுவதில்லை. நாடாத திறன் நாளடைவில் தேயும்.

தமிழில் மற்றுமோர் இடர்ப்பாடு உண்டு. நாம் பேசும் தமிழ் வேறு, ஏட்டுத் தமிழ் வேறு. 'வந்துக்கிட்டு இருக்காரு' என்று பேசிப் பழகிய குழந்தை, 'வந்துகொண்டிருக்கிறார்' என்னும் நீண்ட சொல்லை ஏட்டில் காண்கிறது. அதனைப் பலமுறை கேட்டும் வாசித்தும் பழகாத வரையில், எழுத்துக்கள் அனைத்தும் தெரிந்திருந்தும் அச்சொல் அதற்கு அயலாகவே நிற்கும்.

இவ்விடரைக் கடக்க ஒரே வழி, நாள்தோறும் வாசிப்பதுதான். அதற்கு, விரும்பி எடுக்கத்தக்க நூல் கையில் இருக்க வேண்டும்; வாசிப்பதைச் செவிமடுக்க ஒருவர் அருகில் இருக்க வேண்டும். புதுக்கோட்டையிலும் பிற மாவட்டங்களிலும் முதற்கட்டத்தில் எழுந்த எழுச்சி, பின்தொடர்ந்த தொடர்கல்விக் கட்டங்களில் அதே வேகத்தில் நிலைக்கவில்லை. விளக்கை ஏற்றுவதற்குத் திரண்டவர்கள் பலர். எண்ணெய் ஊற்ற எஞ்சியவர்கள் சிலர்.

நம் முன்னோர் கண்ட வழி

எண்ணெய் ஊற்றும் கலையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அதற்குச் சான்று அரபுத்தமிழ்.

குர்ஆன் ஓதக் கற்ற தமிழ் முஸ்லிம் பெண்களுள் பலர் தமிழ் எழுத்தை அறியும் வாய்ப்பைப் பெறவில்லை. அவர்கள் ஓதினர், ஓதியதன் பொருளை அறிய வழியில்லை. அவர்களுக்கு எழுத்து இருந்தது, மொழியும் இருந்தது. ஆனால் எழுத்து ஒரு மொழிக்கும், பேச்சு மற்றொரு மொழிக்கும் உரியனவாக இருந்தன. நம் ஆலிம்கள் இவ்விரண்டையும் இணைத்தனர். தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துக்களில் புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்து, உயிர்க்குறிகள் இட்டு, தமிழ்மொழியை அவ்வெழுத்திலேயே எழுதினர். குர்ஆன் ஓதத் தெரிந்த எவரும் புதிதாக ஓர் எழுத்து முறையைக் கற்காமலே, தம் தாய்மொழியில் மார்க்கச் சட்டங்களையும் வரலாறுகளையும் வாசிக்க முடிந்தது.

கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற நூல்கள் இல்லங்கள்தோறும் சென்றன. ஒரு பெண்மணி வாசிக்க, அண்டை வீட்டுப் பெண்கள் சூழ்ந்திருந்து கேட்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. 'பெண்புத்தி மாலை', 'நூறு மசலா' போன்றவையும் அவ்வாறே செவிவழியாகப் பரவி நின்றன. வாசிக்கத் தெரியாத சிறுமியின் காதில் நூல்மொழி அன்றாடம் விழுந்தது; பின்னர் அவள் ஏட்டை எடுத்தபோது அம்மொழி அவளுக்கு அயலாக இருக்கவில்லை. தெரிந்த எழுத்து, புரியும் மொழி, தேவையான செய்தி, கேட்பதற்கு ஒரு கூட்டம் என அனைத்தும் அங்கே ஒன்றுகூடின.

அச்சுத் தமிழ் பரவியபின் அரபுத்தமிழின் தேவை குறைந்தது. அதனை மீட்டெடுக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. அந்த எழுத்து போனதோடு, கூடி வாசிக்கும் வழக்கமும் நம் இல்லங்களிலிருந்து போய்விட்டதே என்பதுதான் நம் கவலை.

எண்ணிக்கை தரும் மயக்கம்

2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 73 விழுக்காடாக இருந்தபோது, தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 83 விழுக்காடாக இருந்தது. இவ்வெண் மகிழ்ச்சிக்குரியது, மயக்கத்திற்கும் உரியது. கணக்கெடுப்பாளர் கேட்பது, ஏதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் தெரியுமா என்பது மட்டுமே. இறுதியாக எப்போது ஒரு நூலை முழுமையாக வாசித்தீர்கள் என்று அவர் கேட்பதில்லை. அக்கேள்வியை நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். திருமண வீடுகளில் செலவிடும் தொகையில் நூறில் ஒரு பங்கேனும் நூல்களுக்கு ஒதுக்கும் இல்லங்கள் நம்மிடையே எத்தனை?

இக்ரஃ என்னும் கட்டளையோடு இறங்கத் தொடங்கிய வேதத்தை உடையவர்கள் நாம். அத்தொடக்க வசனங்களே எழுதுகோலையும் கற்பித்தலையும் இறைவனின் அருளாக எடுத்துரைக்கின்றன. பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுதத் தெரிந்தவர்கள், மதீனாவின் சிறார் பதின்மருக்கு எழுதக் கற்பித்தால் அதுவே அவர்களின் மீட்புத் தொகை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு ஷிஃபா (ரலி) என்னும் பெண்மணி எழுதக் கற்பித்த செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. அறிந்தவர் அறியாதவருக்கு அளிப்பது கடன் என்னும் உணர்வே இவ்விரண்டிலும் அடிநாதமாகும். அறிவொளித் தொண்டர்களைத் தெருத்தெருவாக அழைத்துச் சென்றதும் அவ்வுணர்வே.

செய்யக் கூடியவை

தமிழக அரசு, பெருந்தொற்றுக்குப் பின் 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி', 2022இல் 'எண்ணும் எழுத்தும்' ஆகிய திட்டங்களைத் தொடங்கியது. 2023இல் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் தொடங்கப்பட்டு, மாணவரின் வாசிப்புத் திறனுக்கேற்பப் படிநிலைகளாகப் பகுத்த சிறுநூல்கள் வழங்கப்பட்டன. குழந்தையின் வகுப்பைப் பாராமல் அதன் வாசிப்பு நிலையைப் பார்த்து நூலைக் கொடுப்பது இதன் சிறப்பு. ஆறாம் வகுப்பு மாணவன் மூன்றாம் வகுப்பு அளவில் வாசித்தால், அவனுக்கு அந்நிலை நூலையே தயக்கமின்றித் தருவதுதான் அவனை உயர்த்தும் வழி.

இதனோடு நம் சமுதாயம் சேர்க்கத்தக்கது ஒன்றுண்டு. நம் மக்தபுகளில் உஸ்தாத் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அருகழைத்து, அன்றைய சபக்கைச் செவிமடுக்கிறார், பிழை திருத்துகிறார், நேற்றைய பாடத்தை ஒப்புவித்தபின்னரே புதிய பாடத்திற்குச் செல்கிறார். நாற்பது பேர் ஒருசேரக் கத்தி ஒப்புவிக்கும் வகுப்பில் தேங்கிப்போகும் குழந்தை, இங்கே தேங்க முடியாது. வாசிப்புத் திறனை வளர்க்க இதனினும் சிறந்த முறை அரிது. இம்முறையை ஓதலோடு நிறுத்திக்கொள்ளாமல், நாள்தோறும் பத்து நிமிடம் தமிழ் வாசிப்புக்கும் விரித்தல் வேண்டும். உஸ்தாதுக்கு நேரமில்லையேல், ஊரிலுள்ள கல்லூரி மாணவியர் அப்பொறுப்பை ஏற்கலாம்.

ஜமாஅத் தோறும் நூலகம் அமைப்பது அடுத்த பணி. பூட்டிய அலமாரியில் அழகுற அடுக்கிய தடித்த நூல்கள் குழந்தையை அழைப்பதில்லை. கைக்கெட்டும் உயரத்தில், படங்களோடும் பெரிய எழுத்துக்களோடும் கூடிய மெல்லிய நூல்கள் நூறு இருந்தால் போதும். நபிமார் வரலாறு, அறிவியல், நாட்டுக் கதைகள், நம் ஊர்களின் வரலாறு என அவை பலதிறப்பட்டனவாக இருத்தல் வேண்டும். கிழிந்தாலும் கவலையில்லை, கிழிந்த நூல் வாசிக்கப்பட்ட நூல்.

மூன்றாவது பணி இல்லத்திற்குரியது. மஃரிபுக்குப் பின் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் கால்மணி நேரம் ஒதுக்கிவைத்து, ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் கேட்கும் பழைய வழக்கத்தை மீண்டும் தொடங்கலாம். வாசிக்கத் தெரியாத பாட்டிக்குப் பேத்தி வாசித்துக் காட்டும்போது, ஒருத்திக்குச் செய்தியும் மற்றவளுக்குத் திறனும் கிட்டுகின்றன.

குடுமியான்மலைப் பாறையில் மாணாக்கர் நன்மைக்கென்று எழுத்தைப் பொறித்தவர் தம் கடமையைச் செம்மையாகவே செய்தார். அதனைக் கையேற்று அடுத்த தலைமுறைக்கு அளிப்பவர் இல்லாமற்போனதே குறை. நம் பிள்ளைகளுக்கும் எழுத்தைக் கொடுத்துவிட்டோம். அவர்கள் அருகில் அமர்ந்து, அவர்கள் வாசிப்பதைக் கேட்கும் பொறுப்பு நம்மிடம் எஞ்சி நிற்கிறது. அதனை நிறைவேற்றும் நல்லுணர்வை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.