தேகப் பயிற்சியும் மூளையின் நலமும்

உடம்பு உழைப்பதற்கென்றும், மூளை சிந்திப்பதற்கென்றும் நாம் பிரித்து எண்ணுவது வழக்கம். ஆயினும், கால்களின் நடை அறிவையும் காக்கின்றது என்பதைச் சென்ற சில பத்தாண்டுகளில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அங்கத்தினர்கள் யாவரும் அறிய வேண்டிய இச்செய்தியை இங்கே சுருக்கமாக எடுத்துரைக்கின்றோம்.

மனித மூளையின் எடை, உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கே. ஆனால், நாம் ஓய்ந்திருக்கும்போது உடல் செலவிடும் பிராணவாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு 20 பங்கை அதுவே ஏற்றுக்கொள்கின்றது. இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் என்னும் சர்க்கரையே அதன் முதன்மையான உணவு. அதனைச் சேமித்து வைக்க மூளையில் போதிய களஞ்சியம் இல்லை. தாரில் நூல் தீர்ந்ததும் தறி நிற்பதுபோல, மூளைக்குச் செல்லும் இரத்தம் சில விநாடிகள் தடைப்பட்டாலே நினைவு தவறிவிடும்.

விரைந்து நடக்கும்போது தசைகள் லாக்டேட் என்னும் பொருளை இரத்தத்தில் கலக்கின்றன. முன்னர் வெறும் கழிவென்று கருதப்பட்ட இதனை மூளை எரிபொருளாக ஏற்றுக்கொள்கின்றது. மேலும், இடைவிடாத பயிற்சியினால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை நன்கு ஏற்கின்றன. இரத்த அழுத்தமும் தணிகின்றது. இவ்விரண்டும் மிகுந்தால் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதுறும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். நரம்பணுக்களைப் பேணும் ஒருவகைப் புரதம், ஓடிப் பழகிய எலிகளின் மூளையில் பெருகுவதை 1995-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர்.

மனிதரிடத்தில் நடந்த சோதனை ஒன்றின் முடிவு 2011-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேர் அதில் கலந்துகொண்டனர். ஒரு சாரார் வாரத்தில் மூன்று நாட்கள், 40 நிமிஷம் வரை நடந்தனர். மற்றவர் உடலை நீட்டி மடக்கும் எளிய பயிற்சிகளைச் செய்தனர். ஓராண்டு முடிவில், ஞாபகத்துக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதி நடந்தவர்களிடம் நூற்றுக்கு 2 பங்கு பெருத்திருந்தது. மற்றவரிடம் ஒன்றரைப் பங்கு அளவில் சுருங்கியிருந்தது. எனினும், நினைவுச் சோதனையில் இரு சாராருமே முன்னேறினர். ஆகவே, நடை மறதி நோயைத் தீர்க்கும் மருந்து என்று நாம் சொல்லவில்லை. அந்நோய்க்கு இடந்தரும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களுள் உடலியக்கக் குறைவும் ஒன்றென 2024-இல் மருத்துவ அறிஞர் குழுவொன்று வகுத்துரைத்தது.

“நாள் முழுதும் உழைக்கும் எமக்குப் பயிற்சி எதற்கு?” என்று அங்கத்தினர் கேட்கலாம். 1953-இல் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. மாடி பஸ்ஸில் ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இருதய நோய் மிகுதியாகக் காணப்பட்டது. உழைப்பு இருவருக்கும் உண்டு, உடலியக்கம்தான் வேறு. குழித்தறியில் அமர்ந்தவரின் கையும் காலும் ஓயாமல் அசைந்தாலும், உடல் ஓரிடத்திலேயே இருக்கின்றது. பாவு ஓட்டும் வேலை இயந்திரத்துக்குப் போன ஊர்களில், தெருவில் நடந்த அந்த நடையும் போயிற்று. உழவருக்கோ நடவும் அறுவடையும் ஓய்ந்த மாதங்கள் உண்டு.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான உடலியக்கம் வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வரையறுத்தது. வாரத்தில் ஐந்து நாட்கள் அரை மணி நேரம் நடந்தால் இது கைகூடும். நடக்கையில் பேச முடியவேண்டும், பாட முடியாதிருக்கவேண்டும். அதுவே தக்க வேகம். கடும் வேலையால் களைத்த நாளில் ஓய்வே நன்று. மார்வலியோ மூச்சிரைப்போ உடையவர் வைத்தியரைக் கலந்துகொள்க.

வீட்டிலுள்ள முதியோரை, “வயதாயிற்று, உட்காருங்கள்” என்று திண்ணையில் அமர்த்திவிடுதல் அன்பாகத் தோன்றும். ஆனால், அது அவர்களுக்கு நன்மை தராது. மாலையில் அவர்களையும் உடன் அழைத்து, அவர்கள் நடைக்கு ஏற்ப நாமும் நடப்போமாக. கூடித் தொழில் செய்யக் கற்ற நமக்குக் கூடி நடப்பது அரிதன்று.