ஆடல் கற்கும் இளந்தளிர்கள்

முன்னுரை

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்துப் போற்றிய நம் முன்னோர், ஆடற்கலையைக் கூத்து என்னும் பெயரால் வளர்த்தனர். இன்று பெருநகரங்களில் மட்டுமின்றிச் சிற்றூர்களிலும் மாலை வேளைகளில் தட்டுக்கழியின் ஓசையும் சொற்கட்டுகளின் ஒலியும் கேட்கின்றன. பெற்றோர் பலர் தம் குழந்தைகளை ஆடல் வகுப்புகளுக்கு ஆர்வத்துடன் அனுப்புகின்றனர். இவ்வார்வம் வரவேற்கத்தக்கதே. ஆயினும், குழந்தை கற்பது யாருக்காக என்னும் வினாவை நாம் எழுப்பிப் பார்த்தல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை காண, சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

மாதவி பெற்ற பயிற்சி

மாதவி ஏழாண்டுக் காலம் பயின்று, தன் பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறினாள் என்கிறார் இளங்கோவடிகள். அவ்வாறாயின் அவள் ஐந்தாம் வயதிலேயே பயிலத் தொடங்கினாள் என்பது பெறப்படும். அவளை உருவாக்கியவர் ஒருவர் அல்லர். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் யாக்கும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலிசைப்போன், யாழாசிரியன் என அறுவர் துணைநின்றனர். ஆடலாசிரியன் இருவகைக் கூத்தின் இலக்கணமும், பதினோராடலும், பாட்டும், கொட்டும் அறிந்தவனாக இருத்தல் வேண்டும் என்று காப்பியம் வரையறுக்கிறது. கற்பிப்பவர் கற்பிக்கும் பொருளைவிடப் பன்மடங்கு அறிந்திருத்தல் வேண்டும் என்பதே இதன் கருத்து எனலாம்.

அரங்கின் அமைப்பிலும் அதே கண்டிப்பு உண்டு. இருபத்து நான்கு விரல் அளவு கொண்ட கோலால் ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையதாக அரங்கு அமைந்தது. உள்ளே புகவும் வெளியேறவும் இரண்டு வாயில்கள் இருந்தன. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்குகள் வைக்கப்பெற்றன. ஆடுபவர்க்கு இடையூறு நேராதபடி முன்னரே எண்ணிச் செய்த ஏற்பாடுகள் இவை.

ஆனால், இத்துணைச் சிறந்த பயிற்சியின் முடிவு யாது? மன்னன் அளித்த தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெறும் மாலையும் மாதவிக்குக் கிடைத்தன. உடனே அம்மாலை, நகரத்துச் செல்வர் உலவும் தெருவில் விலை கூறப்பட்டது. மாலையை வாங்குபவனுக்கே மாதவி உரியவள் ஆனாள். பன்னிரண்டு வயதுச் சிறுமியின் விருப்பம் யாது என அங்கு யாரும் கேட்கவில்லை. பின்னாளில் தன் மகள் மணிமேகலையை அதே வழியில் செலுத்த மாதவி மறுத்ததை நாம் அறிவோம். கற்பிக்கும் முறைக்கு நல்ல இலக்கணம் தந்த காப்பியமே, குழந்தையின் கலையைப் பிறர் தம் பெருமைக்கும் பொருளுக்கும் பயன்கொள்வதன் கொடுமையையும் காட்டிவிடுகிறது.

உடலுக்கு ஏற்ற பயிற்சி

பரதநாட்டியத்தின் அடிப்படை நிலை அரைமண்டி. முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து மடக்கி, முதுகை நேராக நிறுத்தும் நிலை இது. இவ்விரிவு இடுப்பு மூட்டிலிருந்து வருதல் வேண்டும். முழங்கால் பாதவிரல்களின் திசையிலேயே மடிய வேண்டும். பாதங்களை மட்டும் வலிந்து திருப்பினால் பாரம் முழுவதும் முழங்காலில் திருகி விழும். வளரும் பருவத்தில் எலும்பின் வளர்ச்சிப் பகுதிகள் இன்னும் இறுகாதவை. எனவே, ‘முழங்கால் வலிக்கிறது’ என்று குழந்தை சொல்லுமானால் அதனைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளுதல் தகாது. பயிற்சியை நிறுத்தி, காரணத்தை ஆராய்தலே ஆசிரியரின் கடமையாகும். கற்காரைத் தரைமீது நேரே கல் பாவிய கூடங்களில் மணிக்கணக்காகத் தட்டடவு ஆடுவதும் கேடு விளைவிக்கும். அதிர்வைத் தாங்கும் மரத்தளமே சிறந்தது.

ஐந்து, ஆறு வயதுக் குழந்தையால் அரைமண்டியில் நெடுநேரம் நிற்க இயலாது. அப்பருவத்தில் கைதட்டித் தாளம் எண்ணுதல், தாளத்திற்கேற்ப நடத்தல், நிற்கச் சொன்னவுடன் நிற்றல் ஆகிய விளையாட்டுகளே தக்க பாடங்களாகும். மான் தலைக்கு மிருகசீர்ஷம், மயிலுக்கு மயூரம், மலர்ந்த தாமரைக்கு அலபத்மம் எனக் கைமுத்திரைகள் சிலவற்றைக் கற்பித்து, அவற்றைக் கொண்டு ஒரு சிறுகதையைக் குழந்தையே சொல்லுமாறு விடலாம். தானே ஆக்கிய கதையை ஆடிக்காட்டிய குழந்தை, அடுத்த வகுப்பிற்கு அழைக்காமலே ஓடிவரும்.

விரைவின் தீமை

அடவுகளை மூன்று காலங்களில் பயிற்றுவது மரபு. முதற்காலத்தில் ஒருமுறை ஆடிய அளவிற்குள் இரண்டாங்காலத்தில் இருமுறையும் மூன்றாங்காலத்தில் நான்குமுறையும் ஆட வேண்டும். முதற்காலத்தில் நிலை செம்மையாகாத குழந்தை மூன்றாங்காலத்தில் கால்களை உதறுமேயன்றி ஆடாது. அலாரிப்பு, ஜதிசுரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா எனக் கச்சேரிக்கு வரிசை அமைத்த பெருமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தஞ்சை நால்வருக்கு உரியது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய அச்சகோதரர்கள் எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாக ஏறும் முறையை வகுத்தனர். அப்படிகளைத் தாவிக் கடந்து, சில ஆண்டுகளிலேயே அரங்கேற்றம் நிகழ்த்தும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. மண்டபம், பக்கவாத்தியம், ஆடை, அணிகலன், விருந்து எனச் செலவு ஏறுகின்றது. ஏழைப் பெற்றோர் கடன்படுகின்றனர், அல்லது குழந்தையை இடையில் நிறுத்திவிடுகின்றனர். அன்று தெருவில் விலை கூறப்பட்ட மாலைக்கும், இன்று உறவினர்முன் செல்வத்தைக் காட்டும் மேடைக்கும் வேறுபாடு பெரிதில்லை என்றே யாம் கருதுகிறோம்.

திறந்த கதவு

நெடுங்காலம் சில மரபினரிடம் மட்டும் வாழ்ந்த இக்கலை, இருபதாம் நூற்றாண்டில் பலருக்கும் உரியதாயிற்று. 1936 ஆம் ஆண்டு ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா இம்மாற்றத்தில் பெரும்பங்கு கொண்டது. ஆயினும் கதவு முழுதும் திறந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. கட்டணம் ஒரு தடை. ஆண்பிள்ளை ஆடலாமா என்னும் ஏளனம் மற்றொரு தடை. நிறத்தையும் பருமனையும் சுட்டிப் பின்வரிசையில் நிறுத்துவது கொடிய தடை. தமிழக அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்களும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளும் எளியோர் வீட்டுப் பிள்ளைகளும் ஆடல் கற்க வழிசெய்து வருகின்றன. இவற்றைப் பெற்றோர் அறிந்து பயன்கொள்ளல் நன்று.

அண்டை மாநிலமான கேரளத்தில் 1957 ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளிக் கலைவிழாவும் நம் கருத்திற்கு உரியது. பரதநாட்டியமும் மோகினியாட்டமும் இடம்பெறும் அவ்விழாவில், மலபார் முஸ்லிம்களின் திருமணக் கலையான ஒப்பனையும் கோல்களைத் தட்டி ஆடும் கோல்களியும் போட்டிகளாக நிகழ்கின்றன. பல சமயத்துப் பிள்ளைகளும் அவற்றில் கலந்து ஆடுகின்றனர். ஒருவர் மரபை மற்றவர் கற்கும்போது அயன்மை அகல்கிறது.

வரவேற்கும் கூடம் பாதுகாப்பான கூடமாகவும் இருத்தல் வேண்டும். 2023 ஆம் ஆண்டு சென்னையின் புகழ்பெற்ற நடனக் கல்லூரி ஒன்றில் மாணவியர் பாலியல் துன்புறுத்தல் குறித்து முறையிட்டுப் போராடியதை நாடு கண்டது. குருபக்தி என்னும் உயர்ந்த சொல், வாய்மூடி இருப்பதற்குரிய ஆணையாகிவிடக் கூடாது. கற்பிக்கும் அறையின் கதவு திறந்திருக்கட்டும். பெற்றோர் எந்நேரமும் வந்து காணட்டும். நிலையைத் திருத்தத் தொடவேண்டின், முதலில் சொல்லி இசைவு பெறட்டும். சொல்லாலும் செய்து காட்டியும் திருத்துவது அதனினும் மேலானது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் அதனைத் தெரிவித்தே ஆகவேண்டும் என 2012 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்துள்ளதையும் பயிற்சிக்கூடம் நடத்துவோர் மறத்தல் ஆகாது.

முடிவுரை

ஆடல் பயிலும் குழந்தைகள் அனைவரும் கலைஞராகிவிடுவதில்லை. ஆகவேண்டும் என்பதும் இல்லை. நிமிர்ந்து நிற்றல், பிறரோடு ஒத்து இயங்குதல், தவறிய அடியை மீண்டும் முயலுதல், மனத்திலுள்ளதை முகத்தால் உணர்த்துதல் ஆகியவை வாழ்நாள் முழுதும் உடன்வரும் செல்வங்கள். கற்பிக்கும் திறத்தை அரங்கேற்று காதையின் ஆசிரியர்களிடம் நாம் கற்போம். அவர்கள் கேளாது விட்ட ‘உனக்கு இது விருப்பமா?’ என்னும் ஒரு வினாவை, ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்டபின் தட்டுக்கழியைக் கையில் எடுப்போம்.