கன்று நன்றாகத்தான் இருக்கிறது

வாழைக்கன்று வாங்கப் போகிறவர் எதைப் பார்ப்பார்? ஈட்டிக் கன்றா, நீர்க்கன்றா? கிழங்கு திரட்சியாக இருக்கிறதா? கூன்வண்டு துளைத்த ஓட்டை உண்டா? தாய் மரம் எப்படித் தார் போட்டது? எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் முடிக்கொத்து நோய் என்ற வைரஸ் நோயை இந்த நான்கு கேள்விகளால் பிடிக்க முடியாது. ஏன் முடியாது என்பதை ஒவ்வொரு படியாக ஏறிப் பார்ப்போம். தேநீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். நோய் கண்ட வாழையில் புதிதாக வரும் ஒவ்வொரு இலையும் முந்தைய இலையைவிடக் குட்டையாகவும் குறுகலாகவும் வரும். வளையாமல் விறைப்பாக மேல்நோக்கி நிற்கும். இலைக்காம்புகள் நீளாததால் இலைகள் எல்லாம் உச்சியில் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக் கொத்தாக நிற்கின்றன. இளம் வயதில் நோய் பிடித்த மரம் தார் தள்ளாது.

நம்முடைய கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கங்களில் விளையும் விருப்பாட்சி வாழையை இந்த நோய் என்ன செய்தது என்று பாருங்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன பழம் அது. 1970-களில் 18,000 ஹெக்டேரில் இருந்த சாகுபடி பிறகு 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியதாக ஆய்வுக் கட்டுரைகள் சொல்கின்றன. அந்தச் சரிவில் பெரும்பங்கு முடிக்கொத்துக்கு உண்டு. இலங்கையில் 1913-லேயே பதிவான இந்த நோய், 1940 வாக்கில் கேரளத்தில் தென்பட்டது.

நோய் எப்படிப் பரவுகிறது? இரண்டே வழிகள். ஒன்று வாழை அசுவினி, சாறு உறிஞ்சும் சின்னஞ்சிறு கரும்பழுப்புப் பூச்சி. குருத்தின் இடுக்கிலும், இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையிலும், மண்மட்டத்தில் பழைய மட்டைக்கு உள்ளேயும் கூட்டமாக ஒளிந்திருக்கும். நோயுற்ற மரத்தில் சில மணி நேரம் சாறு குடித்துவிட்டால் அது வைரஸை உடம்பில் ஏற்றிக்கொண்டு பல நாட்கள் சுமக்கும். இரண்டாவது வழி, நாமே கையில் எடுத்துக்கொண்டு போய் நடும் கன்று. அரிவாள் பட்டுப் பரவும் என்று பலர் பயப்படுகிறார்கள். இந்த நோய்க்கு அந்தப் பயம் வேண்டாம். அசுவினி பறந்து போவது அதிகமும் பக்கத்துத் தோட்டம் வரைக்கும்தான். மலையையும் கடலையும் தாண்டி நோய் போயிருந்தால், அது கன்றோடு போனது.

இப்போது எல்லாரும் சறுக்கும் இடத்துக்கு வருவோம். கன்று பச்சையாக, தெளிவாக, ஒரு புள்ளி கூட இல்லாமல் இருக்கிறது. ஆகவே நோயில்லாத கன்று என்று நாம் முடிவு கட்டுகிறோம். உறை ஊற்றிய பாலை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். ஊற்றியவுடன் எட்டிப் பார்த்தால் அது வெறும் பால்தான். நிறமும் மாறவில்லை, மணமும் மாறவில்லை. ஆனால் உள்ளே வேலை தொடங்கிவிட்டது. வைரஸ் புகுந்த கன்றும் அந்த நிலையில்தான் நம் கைக்கு வருகிறது.

இதன் காரணம் வாழை வளரும் விதத்தில் இருக்கிறது. நாம் தண்டு என்று சொல்வது இலைமட்டைகளின் சுருள்தான். உண்மையான வளர்முனை கீழே கிழங்கின் தலையில் இருக்கிறது. புது இலை அங்கே உருவாகி, சுருளின் நடுவே ஏறி, உச்சியில் குருத்தாக விரிகிறது. அசுவினி மேலே ஓர் இலையில் வைரஸை இறக்கினால், அது சாறு ஓடும் குழாய்கள் வழியாகக் கீழே கிழங்குக்குப் போகிறது. அதற்குப் பிறகு உருவாகும் இலைகளில்தான் நோயின் அடையாளம் தெரியும். ஏற்கெனவே விரிந்த இலைகள் கடைசிவரை தெளிவாகவே இருக்கும். முதல் அறிகுறி தெரிய 25 நாளும் ஆகலாம், 85 நாளும் ஆகலாம். குளிர் காலத்தில் இன்னும் தாமதம்.

இதில் மனதை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. தார் தள்ளும் சமயத்தில் நோய் புகுந்தால், அந்த மரம் நல்ல தாரையே போட்டுவிடும். உற்றுப் பார்த்தால் பூவின் மடல் நுனியில் சில கரும்பச்சைக் கோடுகள் இருக்கலாம். அதுவும் இல்லாமல் போகலாம். ஆனால் கிழங்கு ஒன்றே என்பதால் பக்கக் கன்றுகளுக்கு வைரஸ் போய்விடும். விவசாயி என்ன செய்கிறார்? நன்றாகக் காய்த்த மரத்தின் கன்றை ஆசையாகத் தோண்டி எடுக்கிறார். தலைமுறை தலைமுறையாக வந்த நல்ல பழக்கம் அது. அந்தப் பழக்கமே இங்கே நோயைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டு சேர்த்துவிடுகிறது.

சரி, அறிகுறி தெரியத் தொடங்கிய பிறகாவது உடனே கண்டுபிடிக்க முடியுமா? முடியும், ஆனால் தேட வேண்டிய நிறம் வேறு. வைரஸ் என்றதும் நம் கண் மஞ்சளைத் தேடுகிறது. முடிக்கொத்தின் முதல் அடையாளம் மஞ்சள் அல்ல, கரும்பச்சை. கடைசியாக விரிந்த இலையின் அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், சின்ன நரம்புகள் ஓரமாகப் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சைக் கீற்றுகள் தெரியும். மோர்ஸ் தந்திக் குறி என்று ஆய்வாளர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நடுநரம்பை நெருங்கும்போது இந்தக் கீற்றுகள் கொக்கியாக வளைந்து இறங்கும். இலைக்காம்பிலும் இவை இருக்கும், ஆனால் மேலே படிந்த வெள்ளை மெழுகு மறைத்துவிடும். கட்டைவிரலால் மெழுகைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். இலை ஓரம் மஞ்சளாவதும் இலை குறுகுவதும் பிறகு வருபவை.

வெறும் மஞ்சள் என்றால் பெரும்பாலும் வேறு காரணம். இரும்புச்சத்துக் குறைவில் புது இலை வெளுக்கும். துத்தநாகக் குறைவில் இலை குறுகும். தண்ணீர் தேங்கினாலும் நிறம் மாறும். இங்கே ஒரு மரத்தை மட்டும் பார்க்காமல் தோட்டத்தையே பார்க்கப் பழக வேண்டும். சத்துக்குறைவு ஒரு பாத்தி முழுக்க, ஒரு பள்ளம் முழுக்கப் பரவலாகத் தெரியும். வைரஸோ இங்கே ஒரு மரம், நான்கு வரிசை தள்ளி இன்னொரு மரம் என்று விட்டுவிட்டுத் தெரியும். நடுவில் உள்ளவை செழிப்பாக நிற்கும்.

வாழைக்கு இன்னும் மூன்று வைரஸ் நோய்கள் நம் நாட்டில் முக்கியமானவை. தண்டின் காய்ந்த மட்டையை உரித்தால் செந்நிறக் கதிர்வடிவக் கீற்றுகள் தெரிவது பூமடல் தேமல். வெள்ளரி, பூசணியை ஊடுபயிராக வைத்த தோட்டத்தில் இலையில் பட்டை பட்டையாக வெளுப்பது வெள்ளரித் தேமல் வைரஸாக இருக்கலாம். மஞ்சள் கீற்றாகத் தொடங்கிப் பிறகு கருகுவது வாழைக் கீற்று வைரஸ்.

கண்ணுக்குத் தெரியாத கட்டத்தில் ஆய்வகம்தான் துணை. எலிசா என்ற சோதனை, வைரஸின் புரத உறையைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளை வைத்து, பிடிபட்டால் நிறம் காட்டுகிறது. பி.சி.ஆர். சோதனை, வைரஸின் மரபுப் பொருளில் ஒரு துணுக்கைக் கோடிக்கணக்கில் பெருக்கி, இருக்கிறதா இல்லையா என்று சொல்கிறது. எலிசாவுக்கு எட்டாத சிறு அளவையும் இது பிடிக்கும். ஆனாலும் முடிவை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. புதிதாக நோய் புகுந்த மரத்தில் வைரஸ் எல்லா இடத்திலும் சமமாக இருக்காது. தவறான இடத்தில் இலையைக் கிள்ளினால் ‘இல்லை’ என்று வரும். கீற்று வைரஸில் சிக்கல் இதற்கு நேர்மாறானது. நம் வாழைகள் பலவற்றில் காட்டு மூதாதை ஒன்றின் வழியாக வந்த மரபுத்தொகுதியில், அந்த வைரஸின் துண்டுகளே வெகுகாலத்துக்கு முன்பு ஒட்டிக்கொண்டு தங்கியிருக்கின்றன. அதனால் மரத்தில் நோய் இல்லாவிட்டாலும் சாதாரண பி.சி.ஆர். ‘உண்டு’ என்று சொல்லிவிடலாம். அங்கே முழு வைரஸை முதலில் பிரித்தெடுத்து, பிறகு சோதிக்கும் முறை வேண்டும்.

திசு வாழை வாங்கினால் கவலையே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அது பழைய தவறுதான், புதுப் பாத்திரத்தில். திசு வளர்ப்பு எதையும் பெருக்கும். தாய்க்கன்றில் வைரஸ் இருந்தால் அதையும் சேர்த்தே பெருக்கும். அதனால்தான் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் சான்றளிப்பு முறை 2006-லிருந்து இருக்கிறது; மேலே சொன்ன நான்கு வைரஸ்களுக்கும் சோதித்த பிறகே சான்று. கன்று வாங்கும்போது அந்தச் சான்றைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

இத்தனை சோதனைகளும் அண்மைக் காலத்தவை. இந்த வைரஸைத் தனியே பிரித்துப் பார்த்ததே 1990 வாக்கில்தான். ஆனால் ஆஸ்திரேலியாவில் 1920-களில் வாழைத்தொழிலையே இந்த நோய் ஏறக்குறையக் கவிழ்த்தபோது, மகீ என்ற ஆய்வாளர் அசுவினிதான் இதைப் பரப்புகிறது என்று நிறுவினார். தோட்டம் தோட்டமாக நடந்து, கரும்பச்சைக் கீற்றைத் தேடி, நோய் கண்ட மரத்தை அழித்து, நல்ல கன்றை மட்டும் நட அனுமதித்துத்தான் அந்நாட்டினர் மீண்டார்கள். ஆய்வகம் எவ்வளவு வளர்ந்தாலும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோட்டத்தில் நடந்து குருத்தைப் பார்க்கும் கண்ணுக்கு ஈடில்லை என்றே நான் நினைக்கிறேன்.

அப்படி நடக்கும்போது ஒரு மரத்தில் கீற்றைக் கண்டுவிட்டால், உடனே பிடுங்கி எறியாதீர்கள். அசைத்தவுடன் அசுவினி கலைந்து பக்கத்து மரத்துக்கு ஏறிவிடும். முதலில் குருத்திலிருந்து அடிமட்டம் வரை மருந்தடித்து அசுவினியைக் கொல்ல வேண்டும். பிறகு பக்கக் கன்றுகளோடு, கிழங்கு துளிகூட மண்ணில் தங்காமல் தோண்டி எடுத்து, துண்டு துண்டாக நறுக்கிக் காயவிட வேண்டும். கிழங்கில் ஒரு முளை மிஞ்சினாலும் அதே நோயோடு முளைக்கும் என்பதால், அந்தக் குழியை அடுத்த சில மாதங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். அந்தத் தோட்டத்திலிருந்து எவ்வளவு நெருங்கிய உறவினர் கேட்டாலும் கன்று கொடுக்கக் கூடாது.