வாய் ஏன் காய்ந்து போகிறது?



பேச்சுப் போட்டி மேடையில் ஏறியதும் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்கிறதா? பரீட்சை ஹாலில் கேள்வித்தாள் வாங்கும்போது எச்சில் விழுங்கக்கூட முடியலையா? கவலை வேண்டாம். பயம் வந்தால் உமிழ்நீர் குறையும், பயம் போனால் வாய் தானாக ஈரமாகிவிடும். ஆனால் பயமே இல்லாமல், மாதக்கணக்கில் வாய் காய்ந்தே இருந்தால்? அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். டாக்டர்கள் அதை ‘ஜெரோஸ்டோமியா’ என்கிறார்கள்.

எச்சில் என்றால் சும்மாவா?

எச்சில் என்றாலே முகம் சுளிக்கிறோம். ஆனால் ஒரு நாளைக்கு நம் வாயில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது! காதுக்கு முன்னால், தாடைக்குக் கீழே, நாக்குக்கு அடியில் என்று 3 ஜோடி பெரிய சுரப்பிகள் உள்ளன. உதட்டிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் நூற்றுக்கணக்கான சின்னச் சுரப்பிகள்.

உமிழ்நீரில் சுமார் 99 சதவீதம் தண்ணீர்தான். மீதி இருக்கிற கொஞ்சத்தில்தான் விஷயமே இருக்கிறது. அதிலுள்ள அமிலேஸ் என்ற நொதி, சோற்றின் மாவுச்சத்தை வாயிலேயே சர்க்கரையாக உடைக்க ஆரம்பிக்கும். வெறும் சோற்றை ரொம்ப நேரம் மென்றால் இனிப்பது அதனால்தான். கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லின் எனாமலைப் பழுது பார்க்கும். கிருமிகளை அடக்கும் பொருள்களும் உண்டு.

செய்து பாருங்கள்!

சுத்தமான கைக்குட்டையால் நாக்கை நன்றாகத் துடைத்துவிட்டு, அதன்மேல் நாலு சீனியை வையுங்கள். உடனே இனிக்காது. எச்சில் ஊறி சீனி கரைந்த பிறகுதான் இனிக்கும். வாய் காய்ந்தவர்களுக்குச் சாப்பாடு ருசிக்காமல் போவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

எங்க வீட்டில் நடந்தது

எங்க ஆச்சிக்கு எழுபது வயசு தாண்டியாச்சு. “சோறு தொண்டையில இறங்க மாட்டேங்குது”ன்னு சொல்லி கொஞ்ச நாளா கஞ்சி மட்டும் குடிச்சாங்க. வயசானா அப்படித்தான்னு அவங்களே சொல்லிக்கிட்டாங்க. ராத்திரி நாலு தடவை எந்திரிச்சு தண்ணி குடிப்பாங்க. வாய் ஈரமா இருக்கட்டும்னு எந்நேரமும் ஆரஞ்சு மிட்டாயை வாயில ஒதுக்கி வச்சிருப்பாங்க. கொஞ்ச மாசத்திலேயே ஈறு ஓரமா மூணு பல் சொத்தையாயிருச்சு.

பல் டாக்டர் முதல்ல கேட்ட கேள்வியே, “என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?” என்பதுதான். ஆச்சி தினமும் ராத்திரி அரிப்புக்கு ஒரு மாத்திரை போடுவாங்க. அதுதான் வாயைக் காய வச்சிருக்கு! அதை எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போய்ச் சொன்னோம். அவர் வேறு மாத்திரை கொடுத்தார். இப்போ ஆச்சி சோறு சாப்பிடுறாங்க. எடுத்த பல் மட்டும் திரும்பி வரலை.

மிட்டாய் ஏன் கெடுத்தது? கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் உண்டாக்கும். அந்த அமிலத்தைக் கழுவ ஆச்சி வாயில் உமிழ்நீர் இல்லை. பல் கரைந்துவிட்டது.

காரணங்கள்

1. மாத்திரைகள்: அலர்ஜி, சளி, ரத்த அழுத்தம், மன அழுத்தம் இவற்றுக்கான பல மருந்துகள்.
2. தண்ணீர் குறைவு: காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வெயில். பள்ளிக்கூடத்தில் பாத்ரூம் போகணுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் இதில் சேரும்!
3. மூக்கடைப்பினால் வாய்வழியாக மூச்சு விடுவது.
4. சர்க்கரை நோய்.
5. புகையிலை, மது.
6. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சு சிகிச்சை.
7. ஷோக்ரன் நோய்: உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பிகளைத் தாக்கும். கண்ணும் வாயும் சேர்ந்து காயும். பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. 1933-ல் இதை விரிவாக எழுதிய சுவீடன் நாட்டுக் கண் டாக்டரின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

என்ன செய்யலாம்?

* தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல், அடிக்கடி ஒவ்வொரு மடக்காகக் குடிக்கலாம்.
* மிட்டாய், கற்கண்டு வேண்டாம். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மென்றால் எச்சில் ஊறும்.
* காபி, டீயைக் குறைக்கலாம்.
* ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டால் இரண்டு வேளையும் பல் தேய்க்க வேண்டும். தூங்கும்போது எல்லோருக்குமே உமிழ்நீர் குறையும். அதனால் ராத்திரி தேய்ப்பது ரொம்ப முக்கியம்.
* வெற்றிலை பாக்கு போட்டால் எச்சில் ஊறும்தான். ஆனால் பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும். அது மருந்தல்ல.
* இவ்வளவு செய்தும் சரியாகாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். செயற்கை உமிழ்நீர் இருக்கிறது. சுரப்பியைத் தூண்டும் பைலோகார்பின் மாத்திரையும் இருக்கிறது, அதை டாக்டர் சொன்னால் மட்டுமே சாப்பிட வேண்டும்.

முக்கியமான எச்சரிக்கை: வாய் காய்கிறதே என்று எந்த மாத்திரையையும் நாமாக நிறுத்தக் கூடாது! ரத்த அழுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்க் கேட்பதுதான் சரி.

இன்று வீட்டுக்குப் போனதும் தாத்தா, பாட்டியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “தண்ணி இல்லாம சோறு இறங்குதா?” இல்லை என்று சொன்னால், வயசாயிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள்.