கால்பந்தாட்டத்தில் விரைவோட்டப் பயிற்சி முறைகள்

கால்பந்தாட்டம் தொண்ணூறு நிமிஷ நேரம் நடைபெறுகிறது. எனினும் வெற்றி தோல்வியை நிர்ணயிப்பவை பெரும்பாலும் இரண்டு மூன்று வினாடிகளே நீடிக்கும் விரைவோட்டங்களாகும். ஆட்டங்களை அளந்து ஆராய்ந்தவர்கள், இவ்வோட்டங்களுள் நூற்றுக்கு 96 முப்பது மீட்டருக்குக் குறைந்தவை என்றும், ஏறத்தாழப் பாதி பத்து மீட்டருக்கும் குறைந்தவை என்றும் கண்டுள்ளனர். ஆகவே மைதானத்தைப் பல முறை சுற்றி ஓடச் செய்வதோடு பயிற்சியை நிறுத்திக் கொண்டால், ஆட்டத்துக்கு வேண்டிய வேகம் வளராது.

இருவகைத் திறன்

விரைவோட்டத் திறன் என்பதில் இரண்டு திறன்கள் அடங்கியுள்ளன. ஒரே தடவை மிக வேகமாக ஓடுதல் ஒன்று. அவ்வேகம் குறையாமல் மீண்டும் மீண்டும் ஓடுதல் மற்றொன்று. தசையில் சேமிக்கப்பட்டுள்ள கிரியேட்டின் பாஸ்பேட் என்னும் பொருள் முதற் சில வினாடிகளுக்கு வேண்டிய சக்தியை உடனே அளிக்கிறது. செலவான அப்பொருளில் ஏறத்தாழப் பாதி, அரை நிமிஷ ஓய்வில் மீண்டும் உண்டாகிறது. முழுவதும் நிரம்பச் சில நிமிஷங்கள் செல்லும். இம்மீட்சிக்குப் பிராணவாயு தேவை. எனவே முதல் திறன் தசை வலிமையையும், இரண்டாவது திறன் மீட்சியின் விரைவையும் பெரிதும் பொறுத்தவை.

திருப்பதியில் உள்ளோர் இதனை எளிதில் உணரலாம். அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் பாதையில் 3,550 படிகள் உள்ளன. நிதானமாக ஏறிப் பழகியவருக்கு மூச்சுத் திறன் மிகும். ஆனால் அதனாலேயே பத்து மீட்டர் ஓட்டத்தில் அவர் முந்திவிடுவதில்லை.

ஒப்பீட்டின் முடிவு

2008இல் பெராரி பிராவோவும் அவருடைய குழுவினரும் இரு பயிற்சி முறைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். 42 பேர் இரு பிரிவுகளாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் இதயத் துடிப்பு அதன் உச்ச அளவில் நூற்றுக்கு 90 முதல் 95 வரை எட்டுமாறு, நான்கு நிமிஷ ஓட்டத்தை இடைவெளி விட்டு நான்கு தடவை ஓடினர். மற்றப் பிரிவினர் 40 மீட்டரை முழு வேகத்துடன் சென்று திரும்பும் ஓட்டமாக, ஆறு ஆறாக மூன்று தொகுதிகள் ஓடினர்.

ஏழு வாரங்களுக்குப் பின், பிராணவாயுவை உட்கொள்ளும் ஆற்றல் இரு பிரிவினருக்கும் உயர்ந்திருந்தது. ஆயினும் தொடர் விரைவோட்டத்தின் சராசரி நேரம் இரண்டாம் பிரிவினருக்கே 7.53 வினாடியிலிருந்து 7.37 ஆகக் குறைந்தது. விட்டுவிட்டு ஓடும் சோதனையில் இவர்கள் ஓடிய தூரம் 1,917 மீட்டரிலிருந்து 2,455 மீட்டராயிற்று. முதற் பிரிவினரது தூரம் 1,846 இலிருந்து 2,077 மட்டுமே ஆயிற்று. ஆனால் பத்து மீட்டர் வேகத்தில் இரு முறைகளுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை.

அவ்வேகத்துக்கு வழி யாது? நார்வே நாட்டுச் சிறந்த ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதற்குக் குறிப்புத் தருகிறது. தோளில் பாரம் ஏற்றிக் குந்தி எழுவதில் வலிமை மிக்கவர்களே பத்து மீட்டரையும் விரைந்து கடந்தனர். எனவே கால் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும், முழு ஓய்வுடன் கூடிய குறுகிய ஓட்டங்களும் தேவையாகின்றன.

நமது மைதானங்களில்

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் கோடைக் காலத்தில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடப்பதுண்டு. கடும் வெயிலில் முழு வேக ஓட்டம் உயிருக்கே ஆபத்தாகலாம். அதிகாலையிலோ வெயில் தணிந்த பின்னரோ மட்டும் பயிற்சி நடத்துக. குடிநீரை அருகில் வைத்திருக்க. புதிய மாணவர்களுக்கு வாரம் இருமுறை ஒரு தொகுதியே போதும். சிறிது சிறிதாகக் கூட்டுக. உடலைச் சூடேற்றாமல் ஓடச் செய்தால் தொடைத் தசை கிழியக்கூடும்.

பயனை அளக்க விரும்பும் ஆசிரியர், ஓட்ட நேரத்தைக் கொண்டு சமமான இணைகளாக மாணவரைப் பிரித்து, யார் எம்முறையில் பயில்வது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கலாம். நிறுத்துக் கடிகாரத்தைக் கையால் இயக்குகையில் வினாடியில் ஓரிரு பத்தில் பங்கு தவறக்கூடும்; பத்து மீட்டர் ஓட்டத்தில் ஏற்படும் முன்னேற்றமோ அதனினும் சிறிது. ஆதலின் முப்பது மீட்டர் ஓட்டத்தையும், ஆறு ஓட்டங்களின் சராசரியையும், ஒருவரே, நாளின் அதே வேளையில், பன்முறை அளத்தல் நன்று.

1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்ற இந்திய அணியைப் பயிற்றுவித்த ஹைதராபாத் சையது அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். ஒரு கடிகாரமும், அளவு நாடாவும், குறிப்பேடும் கொண்டு முறையாகப் பயிற்றுவித்தல் எந்தப் பள்ளியிலும் இயல்வதேயாகும்.